கோணம் என்றால் எந்தக் கோணம்?

"முதன்மைச் சங்கிலியின் பிணைப்புக் கோணங்கள்தான் புரதத்தின் இரண்டாம் நிலை அமைப்பைத் தீர்மானிக்கின்றன." பாடக் குறிப்புகளிலும் வினா-விடைத் தொகுப்புகளிலும் இந்த வாக்கியம் ஏதாவதொரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி ஆங்காங்கே சுருளாகவோ தகடாகவோ அமைவதுதான் இரண்டாம் நிலை அமைப்பு. முதன்மைச் சங்கிலி அந்தக் கோவையின் முதுகெலும்பு.) துறையில் இருப்பவர்களுக்குப் படித்ததுமே பல்லில் கல் கடிபடும். "பிணைப்புக் கோணம் இல்லை, முறுக்குக் கோணம்" என்று ஒரு சொல்லை அடித்து எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்தத் திருத்தம் சரியானதுதான். ஆனால் அதைச் செய்த பிறகும் வாக்கியம் முழுதாகச் சரியாகிவிடுவதில்லை. "தீர்மானிக்கின்றன" என்ற சொல் இன்னும் உறுத்துகிறது. அதைவிட வேடிக்கை, முன்வாசல் வழியாக வெளியே அனுப்பிய பிணைப்புக் கோணம் கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறமாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது எப்படி வருகிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தத் திருத்தத்துக்கான நியாயத்தைப் பார்த்துவிடலாம். மூன்று அணுக்கள், நடுவில் ஒன்று, அதன் இரு பக்கத்துப் பிணைப்புகளுக்கு இடையே உள்ள விரிவு: இதுதான் பிணைப்புக் கோணம். புரதத்தின் முதன்மைச் சங்கிலியில் ஒவ்வொரு அமினோ அமிலமும் (இனி 'அலகு') மூன்று அணுக்களைத் தரும்: ஒரு நைட்ரஜன், பக்கச்சங்கிலி தொங்கும் ஆல்ஃபா கார்பன், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனைல் கார்பன். அதனால் பிணைப்புக் கோணம் மூன்று இடங்களில் வரும். நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன் என்ற வரிசையில் சுமார் 111°. ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன், அடுத்த நைட்ரஜன் என்ற வரிசையில் 116°-117°. கார்பனைல் கார்பன், நைட்ரஜன், அடுத்த ஆல்ஃபா கார்பன் என்ற வரிசையில் 121°-122°. எந்தப் புரதத்தை எடுத்தாலும், அதில் சுருள் இருந்தாலும் தகடு இருந்தாலும், இந்த எண்கள் ஒரு சில டிகிரிக்குமேல் நகர்வதில்லை. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் ஓர் அளவு, சுருளையும் தகட்டையும் பிரித்துக் காட்டும் என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் பெரிதாக மாறுவது முறுக்குக் கோணம். அதற்கு நான்கு அணுக்கள் வேண்டும். நடுவிலுள்ள இரண்டையும் இணைக்கும் பிணைப்பின் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தால், அருகில் இருக்கும் அணு ஒரு கடிகார முள்போலவும் தொலைவில் இருக்கும் அணு இன்னொரு முள்போலவும் தெரியும். அருகிலுள்ள முள்ளிலிருந்து தொலைவிலுள்ள முள் வலஞ்சுழியாக எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறதோ, அது நேர்க்குறி. இடஞ்சுழி என்றால் எதிர்க்குறி. முந்தைய கார்பனைல் கார்பன், நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன் என்ற நான்கும் சேர்ந்தால் ஃபை. நைட்ரஜன், ஆல்ஃபா கார்பன், கார்பனைல் கார்பன், அடுத்த நைட்ரஜன் என்றால் சை. கார்பனைல் கார்பனை அடுத்த அலகின் நைட்ரஜனோடு இணைக்கும் பெப்டைடு பிணைப்பைச் சுற்றிய முறுக்கு ஒமேகா. அது ஏறக்குறைய எப்போதும் 180°-ஐ ஒட்டியே நிற்பதால் கையில் மிஞ்சுவது ஃபையும் சையும்தான்.

ஒவ்வொரு அணுவும் இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைகளிலிருந்து இவற்றை நாமே கணக்கிடும்போது தவறுகள் எப்போதும் அதே சில இடங்களில்தான் நேர்கின்றன. இரண்டு தளங்களின் செங்குத்துத் திசையன்களை எடுத்து, நேர்மாறு கோசைன் போட்டால் 0 முதல் 180 வரைதான் விடை வரும், குறி தொலைந்துபோகும். குறி தொலைந்தால் வலக்கைச் சுருளும் இடக்கைச் சுருளும் ஒன்றாகிவிடும். சைன், கோசைன் இரண்டையும் கொடுத்துக் கால்வட்டத்தையும் கணக்கில் எடுக்கும் நேர்மாறு டேன்ஜன்ட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். சங்கிலியின் முதல் அலகுக்கு ஃபை கிடையாது, கடைசி அலகுக்குச் சை கிடையாது. நடுவில் சில அலகுகள் புரதப் படிகத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாமல் விடுபட்டிருந்தால் அந்த இடைவெளியின் இரு கரைகளுக்கும் இதே கதிதான். நிரலுக்கு அது தெரியாது, எட்டு ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தள்ளி இருக்கும் நைட்ரஜனை "அடுத்தது" என்று எடுத்துக்கொண்டு கூச்சமில்லாமல் ஓர் எண்ணைத் தரும். கார்பனைல் கார்பனுக்கும் அடுத்த நைட்ரஜனுக்கும் உள்ள தூரம் 1.33 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது, 2-ஐத் தாண்டினால் அங்கே சங்கிலி அறுந்திருக்கிறது. ஒரே அணுவுக்கு இரண்டு மாற்று இருப்பிடங்கள் தரப்பட்டிருந்தால் ஒன்றின் நைட்ரஜனையும் மற்றதன் கார்பனையும் கலந்துவிடக் கூடாது. சராசரி எடுக்கும்போது 179°-க்கும் −179°-க்கும் நடுவில் 0° இல்லை, 180° இருக்கிறது. தகட்டை உருவாக்கும் பீட்டா இழைகளின் சராசரியைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கடைசித் தவறுதான்.

பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. முழுதாக நீட்டப்பட்ட சங்கிலியைத்தான் அன்று பூச்சியம் என்று வைத்திருந்தார்கள். 1970-ல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை அதை 180° ஆக்கியது. அதனால் ஆல்ஃபா சுருளுக்கு (புரதங்களில் பரவலாக வரும் வலக்கைச் சுருள்) ஃபை 123°, சை 133° என்று எங்காவது கண்ணில் பட்டால் பதற வேண்டாம், இரண்டிலிருந்தும் 180-ஐக் கழித்தால் பழகிய −57°, −47° வந்துவிடும்.

தட்டையான ஒரு பிணைப்பு

ஒமேகா அசையாது என்ற ஒரு செய்தியின் விலை எவ்வளவு என்பதற்கு 1950-ம் 1951-மே சாட்சி. 1950-ல் கேம்பிரிட்ஜின் படிகவியலாளர்கள் பிராக், கென்ட்ரூ, பெரூட்ஸ் மூவரும் பெப்டைடுச் சங்கிலி எந்தெந்த விதங்களில் சுருளலாம் என்று வரிசையாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பிணைப்பு நீளங்களும் பிணைப்புக் கோணங்களும் அவர்களிடம் இருந்தன. பெப்டைடு பிணைப்பு தட்டையாகத்தான் இருக்கும் என்பதைக் கட்டாயமாக வைக்கவில்லை. ஒரு சுற்றுக்கு முழு எண்ணிக்கையில்தான் அலகுகள் இருக்கும் என்று வேறு எடுத்துக்கொண்டார்கள். சரியான சுருள் அந்தப் பட்டியலில் இடம்பெறவே இல்லை.

அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் இந்த இடத்தில்தான் முந்திக்கொண்டார். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே சாதாரண ஒற்றைப் பிணைப்பு 1.47 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். பெப்டைடில் அது 1.33-தான், பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் அதற்கு உண்டு. அதைத் திருக வேண்டுமானால் மோலுக்கு 20 கிலோகலோரி அளவில் ஆற்றல் செலவாகும். ஆக ஓர் ஆல்ஃபா கார்பனிலிருந்து அடுத்த ஆல்ஃபா கார்பன்வரை ஆறு அணுக்கள் ஒரே அட்டைபோல விறைத்து நிற்கும், இரண்டு ஆல்ஃபா கார்பன்களுக்கும் இடையே 3.8 ஆங்ஸ்ட்ராம். 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டில் சளிபிடித்துப் படுத்திருந்தபோது அவர் ஒரு காகிதத்தில் சங்கிலியை வரைந்து, ஆல்ஃபா கார்பன் வரும் இடங்களில் மட்டும் மடித்து மடித்துப் பார்த்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்தக் கதையில் பலரும் தாண்டிப் போகும் ஒரு விவரம் உண்டு. மடிப்பை மனம்போனபடி போட முடியாது. மடித்த பிறகு ஆல்ஃபா கார்பனில் உள்ள பிணைப்புக் கோணம் 110°-ஐ ஒட்டி வரவேண்டும், எல்லா மடிப்புகளும் ஒன்றுபோல இருக்க வேண்டும், ஒரு அட்டையின் ஹைட்ரஜன் இன்னொரு அட்டையின் ஆக்சிஜனை நோக்கி நேராக நிற்க வேண்டும். இந்த மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறும் மடிப்புகள் வெகு சில. அவரும் சகாக்களும் எழுதிய 1951 கட்டுரையில் இரண்டு சுருள்கள் வந்தன. சுற்றுக்கு 3.7 அலகுகள் கொண்டது ஒன்று, 5.1 அலகுகள் கொண்டது மற்றது. முதலாவதுதான் பின்னாளில் 3.6 என்று நிலைபெற்ற ஆல்ஃபா சுருள். இரண்டாவதை இயற்கையில் யாரும் பார்த்ததில்லை, அதன் நடு அச்சில் ஓட்டை விழுந்து அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் நிற்கும்.

முறுக்குக் கோணங்கள் என்ற மொழியே அப்போது இந்தப் பேச்சில் பெரிதாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆல்ஃபா சுருள் பிறந்தது தட்டையான அட்டையிலிருந்தும், ஆல்ஃபா கார்பனின் பிணைப்புக் கோணத்திலிருந்தும், ஹைட்ரஜன் பிணைப்பிலிருந்தும். ஃபையும் சையும் அதற்குப் பிற்பாடு கிடைத்த முகவரி.

வரைபடம் எதைச் சொல்கிறது

அந்த முகவரிப் புத்தகம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1954-லும் 1955-லும் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதத்துக்கு மூவிழைச் சுருளை முன்வைத்தார்கள். "சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன" என்று, அதே புரதத்தை ஆராய்ந்த அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. மிக நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம்? இந்தக் கேள்வியைச் சண்டையாக்காமல் கணக்காக்கியதுதான் அங்கே நடந்த பெரிய காரியம். சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளைப் புரட்டி, பிணைப்பில்லாத அணுக்கள் எந்த அளவுக்கு நெருங்கி வருகின்றன என்று தொகுத்தார்கள். ஒவ்வொரு அணு இணைக்கும் இரண்டு எல்லைகள். கார்பன்-கார்பனுக்கு வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. ஆக்சிஜன்-ஹைட்ரஜனுக்கு 2.4, 2.2. நைட்ரஜன்-ஹைட்ரஜனுக்கும் 2.4, 2.2. ஹைட்ரஜன்-ஹைட்ரஜனுக்கு 2.0, 1.9. பிறகு ஓர் ஆல்ஃபா கார்பனையும் அதன் இரு பக்கத்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, ஃபையையும் சையையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எல்லாத் தூரங்களையும் சரிபார்த்தார்கள். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் எழுதிய கட்டுரை 1963-ல் வந்தது. ஃபையை ஓர் அச்சிலும் சையை மறு அச்சிலும் வைத்து, அணுக்கள் மோதாத இடங்களைக் குறித்துக் காட்டும் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம்.

அந்த வரைபடத்தை ஒருமுறை பொறுமையாகப் பார்த்தால் "தீர்மானிக்கின்றன" என்ற சொல் ஏன் உறுத்துகிறது என்று விளங்கும். வரைபடம் எங்கேயும் "இப்படித் திரும்பு" என்று கட்டளையிடுவதில்லை. "இங்கே வராதே" என்று மட்டுமே சொல்கிறது. கிளைசின் தவிர்த்த அலகுகளுக்குப் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு மூடிக்கிடக்கிறது. ஃபை நேர்க்குறிப் பக்கம் போனால் முந்தைய கார்பனைல் ஆக்சிஜனும் கார்பனும் பீட்டா கார்பனோடு (பக்கச்சங்கிலியின் முதல் கார்பன்) மோதும். ஃபை பூச்சியத்தை நெருங்கினால் இரண்டு கார்பனைல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். பீட்டா கார்பனே இல்லாத கிளைசினுக்குப் பாதி மோதல்கள் மறைந்து, படம் மையத்தைச் சுற்றிச் சமச்சீராகிவிடும். பக்கச்சங்கிலி வளைந்து நைட்ரஜனோடு சேர்ந்துகொள்ளும் புரோலினுக்கு அந்த வளையம் ஃபையை −65° அருகில் கட்டிப்போடும். புரோலினுக்கு முன்னால் உட்காரும் அலகும் அதன் வளையக் கார்பனால் ஆல்ஃபா பகுதியில் பாதியை இழக்கும். அதனால்தான் சுருளின் நடுவில் புரோலின் வந்தால் தனக்கு மட்டுமில்லாமல் முன்னால் இருப்பவருக்கும் சேர்த்துத் தொல்லை கொடுக்கிறது.

திறந்திருக்கும் கால் பங்குக்குள் ஆல்ஃபா சுருள், பீட்டா இழை, கொலாஜன் இழை எல்லாம் அடங்குகின்றன. பக்கத்து இழைகள் எதிரெதிர்த் திசையில் ஓடும் எதிரிணைத் தகடு −139°, 135°. இணைத் தகடு −119°, 113°. பாலிபுரோலின் இழை −75°, 145°. ஆனால் ஓர் அலகு −60°, −45° என்ற இடத்தில் நிற்கிறது என்பதால் அது சுருளில் இருக்கிறது என்று ஆகிவிடாது. சங்கிலி திரும்பும் மடிப்புகளிலும், சுருளோ தகடோ அல்லாத கண்ணிகளிலும் ஆல்ஃபா கோணங்களோடு தன்னந்தனியாக நிற்கும் அலகுகள் ஏராளம். சுருளாக வேண்டுமென்றால் அதே கோணங்கள் குறைந்தது நான்கைந்து அலகுகளுக்குத் தொடர்ந்து வர வேண்டும், அப்போதுதான் ஒரு கார்பனைல் தனக்கு நான்காவதாக வரும் அலகின் ஹைட்ரஜனை எட்டிப் பிடிக்க முடியும். 1983-ல் காப்ஷும் சாண்டரும் வெளியிட்டு இன்றுவரை எல்லோரும் பயன்படுத்தும் வகைப்படுத்தும் நிரல், சுருளா தகடா என்று முடிவுசெய்ய ஃபையையும் சையையும் கேட்பதே இல்லை. ஹைட்ரஜன் பிணைப்பின் ஆற்றல் −0.5 கிலோகலோரிக்குக் கீழே இருக்கிறதா, அந்தப் பிணைப்புகள் எந்த ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்தே பெயர் சூட்டுகிறது. கோணங்களைக் கடைசியில் ஒரு நெடுவரிசையில் அச்சிட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கூட்டுத்தொகையின் சூட்சுமம்

ஒரே இணைக் கோணங்கள் திரும்பத் திரும்ப வந்தால் என்ன வடிவம் கிடைக்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஃபையையும் சையையும் கூட்டுங்கள், பாதியாக்குங்கள், அதன் கோசைனை வர்க்கப்படுத்தி நான்கால் பெருக்குங்கள், அதை ஒன்றிலிருந்து கழித்து மூன்றால் வகுங்கள். கிடைப்பது, ஓர் அலகுக்குச் சங்கிலி எவ்வளவு திரும்புகிறதோ அந்தக் கோணத்தின் கோசைன். தோராயம்தான், ஆனால் நல்ல தோராயம். ஆல்ஃபா சுருளுக்குக் கூட்டுத்தொகை −105° என்று போட்டால் திருப்பம் 99° வரும், 360-ஐ அதனால் வகுத்தால் 3.6. கூட்டுத்தொகை −75° என்றால் திருப்பம் 120°, சுற்றுக்கு மூன்று அலகுகள், அதாவது மூன்று-பத்துச் சுருள். எதிரிணைத் தகட்டின் −139°-யையும் 135°-யையும் கூட்டினால் −4°, திருப்பம் 177°. அலகுக்கு அலகு அரைவட்டம் திரும்புவதால் பக்கச்சங்கிலிகள் ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக நிற்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, கோணங்கள் தனித்தனியாக வராமல் கூட்டுத்தொகையாக வருவது. பாடநூல் சுருள் −57°, −47°. உயர் துல்லியப் படிகங்களில் உள்ள சுருள்களின் சராசரி −63°, −42° அருகில் இருக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் ஐந்தாறு டிகிரி "தவறு". கூட்டினால் −104°-ம் −105°-ம். அதே சுருள்தான். ஆல்ஃபா பகுதியில் புள்ளிகள் வட்டமாகக் குவியாமல் மூலைவிட்டத்தில் இழுபட்டுக் கிடப்பதற்கு இதுவே காரணம். ஃபை எவ்வளவு இறங்குகிறதோ சை அவ்வளவு ஏறிக்கொள்கிறது. மாறாக இரண்டையும் ஒரே திசையில் ஐந்து ஐந்து டிகிரி நகர்த்திப் பாருங்கள். கூட்டுத்தொகை −95° ஆகும், திருப்பம் 106° ஆகும், சுற்றுக்கு 3.4 அலகுகள். இருபது அலகு நீளமுள்ள சுருளின் கடைசிப் பக்கச்சங்கிலி, இருக்க வேண்டிய திசையிலிருந்து 130°-க்குமேல் விலகி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். படிகத் தரவிலிருந்து புரதத்தின் அணு மாதிரி கட்டுபவர்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு பிழை என்று கேட்பதைவிட, பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றனவா, சேர்ந்துகொள்கின்றனவா என்று கேட்பது பயன்தரும்.

பக்கத்துப் பக்கத்து அலகுகளுக்கு நடுவிலும் இதே ஈடுகட்டல் உண்டு. ஓர் அலகின் சையும் அடுத்த அலகின் ஃபையும் எதிரெதிராகத் திரும்பினால், நடுவிலுள்ள அட்டை மட்டும் புரளும், சங்கிலியின் போக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும். நான்கு அலகுகளுக்குள் சங்கிலி திரும்பிவிடும் முதல்வகை மடிப்பில் நடு அலகுகள் இரண்டும் −60°, −30° என்றும் −90°, 0° என்றும் நிற்கும். இரண்டாம் வகையில் −60°, 120° என்றும் 80°, 0° என்றும் நிற்கும். எண்களைப் பார்த்தால் வெவ்வேறு உலகம்போலத் தெரியும், அட்டை ஒன்று குப்புறப் புரண்டதைத் தவிர வேறு வேறுபாடு கிடையாது. எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று காட்டும் அடர்த்திப் படம் மூன்று ஆங்ஸ்ட்ராமைத் தாண்டி மங்கலாக இருந்தால், அதில் கார்பனைல் ஆக்சிஜனின் புடைப்பு தெரியாது, அதனால் அட்டையைத் தலைகீழாக வைத்துவிடுவது மிகச் சாதாரணம். அடுத்தடுத்த இரண்டு அலகுகள் ஜோடியாக வரைபடத்துக்கு வெளியே விழுந்தால் முதலில் நடு அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வரைபடத் தாளில் ஒரு சோதனை

இனி, வெளியே அனுப்பிய பிணைப்புக் கோணத்துக்கு வருவோம். ஆல்ஃபா கார்பனில் உள்ள கோணத்தை டௌ என்று அழைப்பது வழக்கம். ராமச்சந்திரன் குழுவினரின் கணக்குகளிலேயே ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. டௌ 110° என்று வைத்து வரைந்தால் ஆல்ஃபா பகுதியும் பீட்டா பகுதியும் தனித்தனித் தீவுகள். டௌவைக் கொஞ்சம் விரித்தால் தீவுகள் வளர்ந்து, நடுவில் ஒரு பாலம் முளைக்கும். இதைக் கணினி இல்லாமல் கண்ணால் பார்க்க முடியும், ஏனென்றால் பாலம் இருக்குமிடம் சை பூச்சியத்தை ஒட்டியது, சை பூச்சியமானால் தேவையான அணுக்கள் எல்லாம் ஒரே தளத்தில் படுத்துவிடும். ஒரு தாள், அளவுகோல், பாகைமானி போதும்.

ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் இடப்புறம் ஒரு புள்ளி, அது ஆல்ஃபா கார்பன். அதிலிருந்து வலப்பக்கம் நேராக 7.65 சென்டிமீட்டரில் கார்பனைல் கார்பன். ஆல்ஃபா கார்பனில் பாகைமானியை வைத்து, அந்தக் கோட்டிலிருந்து மேல்நோக்கி 110° அளந்து, 7.3 சென்டிமீட்டரில் நைட்ரஜன். இப்போது கார்பனைல் கார்பனுக்குப் போங்கள். ஆல்ஃபா கார்பனை நோக்கிய கோட்டிலிருந்து அதே மேல்பக்கமாக 116.5° அளந்து, 6.65 சென்டிமீட்டரில் அடுத்த அலகின் நைட்ரஜன். இரண்டு நைட்ரஜன்களும் ஒரே பக்கத்தில் நிற்பதுதான் சை பூச்சியம் என்பதன் பொருள். கடைசியாக அடுத்த நைட்ரஜனிலிருந்து, கார்பனைல் கார்பனை நோக்கிய கோட்டுக்கு 119°-யில், ஆல்ஃபா கார்பன் இருக்கும் பக்கமாக 5 சென்டிமீட்டரில் அதன் ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் முதல் நைட்ரஜனைக் குறிபார்த்ததுபோல நீட்டிக்கொண்டு நிற்பது தெரியும். இரண்டுக்கும் நடுவே அளந்தால் சுமார் 10.8 சென்டிமீட்டர், அதாவது 2.15 ஆங்ஸ்ட்ராம். நைட்ரஜன்-ஹைட்ரஜன் கடைசி எல்லை 2.2, தாளில் 11 சென்டிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் குறைகிறது. கதவு மூடியிருக்கிறது. இந்தத் தூரத்துக்கும் ஃபைக்கும் சம்பந்தமே இல்லாததால், ஃபையை எவ்வளவு திருப்பினாலும் இந்தக் கதவு திறக்காது.

அதே தாளில் முதல் நைட்ரஜனை மட்டும் அழித்துவிட்டு 110°-க்குப் பதில் 115°-யில் போடுங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். இப்போது அதே தூரம் 11.4 சென்டிமீட்டர், 2.28 ஆங்ஸ்ட்ராம். எல்லையைத் தாண்டியாயிற்று, பாலம் திறந்துவிட்டது. நைட்ரஜனிலிருந்து நைட்ரஜனுக்கும் அளந்து பார்க்கலாம். 2.63 ஆக இருந்தது 2.74 ஆகிறது, அங்கே வழக்கமான எல்லை 2.7. திறக்கும் புள்ளி எது என்று இடையில் ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தினால் 112°-யை ஒட்டி வருகிறது. உயர் துல்லியப் படிகங்களில் பாலப் பகுதியில் நிற்கும் அலகுகளின் டௌ 113° அளவுக்கு விரிந்தும், பீட்டா பகுதியில் 109°-110° அளவுக்குச் சுருங்கியும் இருப்பதைப் பார்த்தால், புரதமும் இதே தாளில்தான் கணக்குப் போட்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும்.

பாலத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மேலே சொன்ன முதல்வகை மடிப்பின் மூன்றாவது அலகு −90°, 0°. மூன்று-பத்துச் சுருளின் அலகுகள் அந்த ஓரத்தில்தான் நிற்கின்றன. ஆல்ஃபா சுருள் முடியும் இடத்தில் கடைசிச் சுற்று இறுகித் தளரும்போதும் அங்கேதான் கால் வைக்கிறது. அதாவது சுருளிலிருந்து வெளியேறுவதற்கும் சங்கிலி திரும்பி வருவதற்கும் தேவையான வழி, பிணைப்புக் கோணம் மூன்று டிகிரி இளகிக் கொடுத்தால்தான் திறக்கிறது. முறுக்குக் கோணங்கள் முகவரி என்றால், அந்த முகவரியில் வீடு கட்ட இடம் இருக்கிறதா என்று சொல்வது டௌ. எனவே அந்தப் பழைய வாக்கியத்தை எழுதியவர் தெரியாமல் எழுதியிருந்தாலும், திருத்தியவரைவிட முற்றிலும் குறைந்தவர் என்று சொல்லிவிட மாட்டேன்.

மாதிரியைச் சரிபார்க்கும்போது

இது வெறும் சொல் விளையாட்டாக இல்லாமல் வேலைக்கு ஆகும் இடம் ஒன்று உண்டு. படிகவியலில் மாதிரியைச் செம்மைப்படுத்தும் நிரல்கள் பிணைப்பு நீளத்துக்கும் பிணைப்புக் கோணத்துக்கும் இலக்கு மதிப்புகளை வைத்திருக்கும். எங், ஹூபர் இருவரும் 1991-ல் தொகுத்த பட்டியல் அதில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. கிளைசின், புரோலின் தவிர எல்லா இடத்திலும் டௌவுக்கு ஒரே இலக்கு 111° அருகில். ஃபைக்கும் சைக்கும் இலக்கு வைக்காமல் விட்டுவிடுவது மரபு. அப்படி விட்டதால்தான் ராமச்சந்திரன் வரைபடம் பாரபட்சமில்லாத சாட்சியாக இருக்க முடிந்தது. நல்ல மாதிரியில் 98 விழுக்காட்டுக்குமேல் விரும்பத்தக்க பகுதியிலும், வெளியே விழுபவை 0.2 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது இன்றைய எதிர்பார்ப்பு.

துல்லியம் குறைந்த தரவுகளில் ஃபையையும் சையையும் வரைபடத்துக்குள் இழுத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டைச் சேர்த்துவிட்டால் சாட்சி விலைபோய்விடுகிறது. வெளியே ஒரு புள்ளிகூட விழாது. ஆனால் புள்ளிகள் உச்சங்களில் குவியாமல், வேலி ஓரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மொத்தப் பரவலை ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் தரும் முறை இதைப் பிடித்துவிடும். மதிப்பெண் −3-க்குக் கீழே போனால், வெளியே விழுந்தவை பூச்சியம் என்ற வரியை நம்ப வேண்டாம்.

அந்த இழுவிசை எங்கே போய்ச் சேரும் என்று தேடினால் பெரும்பாலும் டௌவில் கிடைக்கும். அட்டை தலைகீழாக இருக்கிறது, ஃபையும் சையும் உள்ளே இழுக்கப்பட்டுவிட்டன, அடர்த்திப் படமும் தன் பக்கம் இழுக்கிறது, மிச்சமிருக்கும் திரிபை யாராவது தாங்கித்தானே ஆகவேண்டும்? வரைபடத்தில் அந்த அலகு சமர்த்தாக உள்ளே நிற்கும், டௌவைப் பார்த்தால் 103° என்றோ 119° என்றோ இருக்கும். அதனால் சரிபார்ப்பு அறிக்கையில் வரைபடத்தோடு நிறுத்தாமல், டௌ மதிப்புகளை வரிசைப்படுத்தி இரு கோடிகளிலும் உள்ள அலகுகளைப் பார்க்க வேண்டும். பீட்டா கார்பன் தன் இலட்சிய இடத்திலிருந்து 0.25 ஆங்ஸ்ட்ராமுக்குமேல் விலகியிருக்கிறதா என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழி பக்கச்சங்கிலியின் மேலா முதன்மைச் சங்கிலியின் மேலா என்று பிரிக்க முடியும். பாலத்தில் நிற்கும் அலகின் டௌ 114° என்றால் அதை 111°-க்கு இழுத்துவர முயல வேண்டாம், அது தனக்கு வேண்டிய இடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. இலக்கை ஃபை, சைக்கேற்ப மாற்றும் நூலகங்கள் இப்போது செம்மைப்படுத்தும் நிரல்களோடு சேர்ந்தே கிடைக்கின்றன. அதே 114° பீட்டா இழையின் நடுவில் வந்தால், அந்த அலகுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் செம்மைப்படுத்தி, டௌ எந்த நிலையில் 110°-க்குத் திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.